திரும்பி உட்கார்ந்தவள்

கூடாரத்துக்குள் மனைவி சிரித்தாள். அதில்தான் கோளாறு. மத்தியானத்திலிருந்து இருவருக்கும் பேச்சில்லை; பேச்சில்லாதபோது சிரிப்பதும் செல்லாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம்.

அவன் ஏரிக்கரையில் குந்தியபடி, சாப்பிட்ட பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நீண்ட விடுமுறை என்பதால் பூங்கா முழுக்கக் கூட்டம். தாமதமாக வந்தவர்களுக்கு மிஞ்சியது நாணல் ஓரத்து இந்த மூலை. இருட்டத் தொடங்கியதும் எதிர்க்கரையில் யாரோ வைத்த பாட்டின் தாளம் மட்டும் தண்ணீர்மேல் தத்தித் தத்தி வந்து, கரையை எட்டுவதற்குள் அழுகிய தழை நாற்றத்தில் மூழ்கிப்போனது.

முளையடிக்கும் சுத்தியலை எடுத்துவைக்க மறந்தது யார் என்பதில் சண்டை. அவன்தான் மறந்தான். ஆனால் முதலில் பேசுகிறவரே தோற்றவர் என்பதால் மறந்தவனும் ஜெயிக்க வழி இருந்தது. ஒருமுறை குளியலறைக் குழாய் வெடித்தபோதுகூட இருவரும் சைகையிலேயே சமாளித்தார்கள். இந்தத் தடவை மட்டும் கிளம்பும்போதே அவள் சொல்லியிருந்தாள்: "இந்த லீவுலயும் இப்படியே இருந்தோம்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

ஃபோனில் பேசுகிறாளோ? அவள் ஃபோன் அவன் சட்டைப்பையில் டார்ச்சாக எரிந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தான். உள்மூலையில் விளக்கு. ஏரிப் பக்கத்துத் துணியில் அவள் நிழல். சண்டையென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். சுவர் இல்லாததால் இன்று வாசலுக்கு எதிர்ப்பக்கத் துணியைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, இன்னொரு நிழல்.

சட்டை தொங்குகிறது என்று முடிவுசெய்தான்.

ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டுவது அவன் தொழில். துணியில் விழும் நிழலைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. விளக்கின் பக்கம் இருப்பது ஊதிப்போய், ஓரம் கலங்கித் தெரியும். துணியை ஒட்டி இருப்பது உள்ள அளவிலேயே, கத்தரித்த மாதிரி தெரியும். அவள் நிழல் கலங்கலாக இருந்தது. பின்னால் இருந்தது கத்தரித்த மாதிரி இருந்தது. அப்படியென்றால், முதுகை வளைத்துக் கூரையை முட்டிக்கொண்டிருந்த அது நிஜமாகவே அவ்வளவு பெரிது.

சட்டை தலையைச் சாய்த்தது.

பாத்திரம் நழுவித் தண்ணீரில் போனது. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"என்ன டேப்பு, கை இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றாள் உள்ளே. எந்நேரமும் இடுப்பில் அளவு டேப்போடு திரிகிறவனுக்கு அவள் வைத்த பெயர். "சரிப்பா. நானே பேசிட்டேன். நான்தான் தோத்தேன். போதுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதை வேறு ஏதோ வாங்கிக்கொண்டது.

ஓடினான். சேறு கணுக்காலைக் கவ்வியது. வாசல் ஜிப், அவன் இழுத்து மூடிவிட்டுப் போனபடியே இருந்தது.

"தோள அமுக்கிவிட்டா ஆச்சா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசு. அதுவரைக்கும் நான் திரும்ப மாட்டேன்."

ஜிப்பைப் பிடித்தான். வரவில்லை. உள்ளிருந்தும் யாரோ பிடித்திருந்தார்கள். அவசரமில்லாத பிடி.

அவன் பேசினான்.

"திரும்பாத."

அவள் காதில் விழுந்தது அவன் குரல். முதுகுக்குப் பின்னாலிருந்து. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"அப்பாடா," என்றாள்.

பக்கத்துத் துணியில் அவள் நிழல் திரும்பியது.

அலறல் வரவில்லை. அவள் கைகள் மெல்ல எழுந்தன. எதிரே இருந்த முகத்தைத் தடவின. தடவத் தடவ அது நீண்டுகொண்டே போனது. பிறகு அவள் தலை அசைந்தது. ஏதோ கேட்கப்பட்டு, சரி என்பதுபோல.

மறுபடி.

மறுபடி.

ஜிப் இறங்கத் தொடங்கியது. தானாக. மெதுவாக. இடைவெளியின் மேல்நுனியில் ஈர விரல்கள். கீழ்நுனியிலும். நடுவிலும்.

உள்ளே அவள் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.