ராக்கெட் குச்சியில் ஒரு தொப்பி

“பையைத் திறங்க சிஸ்டர்!”

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அந்தப் பட்டாசுக் கம்பெனி கேட்டில் இந்தக் குரல் எழுந்தால், மேலே பறக்கிற காக்காகூட ஒரு நிமிஷம் தயங்கும். ஃபோர்மேன் பாலகுருவின் குரல் அது. முறுக்கிய மீசை, சட்டைப் பையில் லேமினேட் செய்த ஃபோர்மேன் சான்றிதழ், குளிக்கும்போது தவிர. தீப்பெட்டி, போன், இரும்பு... எதுவும் அவனைத் தாண்டி உள்ளே போனதில்லை. ‘மன்னிச்சுக்கோங்க’ என்ற வார்த்தை அவனைத் தாண்டி வெளியே வந்ததும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கம்பெனியில் தொடங்கிய மூன்று நாள் மருத்துவ முகாமுக்கு வரவேண்டிய நர்ஸுக்கே காய்ச்சல். பதிலுக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியவள் சுகிர்தா.

பைக்குள் நாலு எஃகு ஊசிகள்... இரண்டு முனையும் கூர். மூன்றில் முக்கோணமாய்க் கோத்துக்கொண்டு, கிண்ணம் அளவுக்கு வெள்ளைப் பின்னல் ஒன்று.

“எஃகு! உரசினா பொறி பறக்கும், தெரியும்ல?”

“தெரியும் சார், மறந்து எடுத்தாந்துட்டேன். அப்படியே பையோட இங்கன வச்சிருங்க, சாயங்காலம்...”

“அதெப்படி? விதிப்படி இரும்பு தனி, துணி தனி.”

சரக்... சரக்... சரக்... அவள் ‘ஐயோ’ என்பதற்குள் உருவியாயிற்று. ஊசிகளைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டு நிமிர்ந்தான். “நூல் காட்டன்தான். இதை நீங்க தாராளமா உள்ள கொண்டு போகலாம்” என்று பெருந்தன்மையோடு நீட்டினான்.

நீட்டிய கையிலேயே அது கண்ணி கண்ணியாகப் பிரிந்துகொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். கரிசல் காட்டு மேல் மழை கட்டி நிற்குமே, பெய்யாமல்... அப்படி இரண்டு கண்கள்.

“மூணு நாள் வேலை சார். அதுல ரெண்டு நாள் ஆரம்பிக்கவே போச்சு. எடை கம்மியாப் பிறந்த புள்ளைக வீட்டுக்குப் போறப்ப ஆளுக்கொரு தொப்பி குடுப்பேன். இது வெள்ளிக்கிழமை போற புள்ளைக்கு.”

அவள் உள்ளே போனதும், பேக்கிங் செக்‌ஷன் இருளம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “யாரு புள்ளைன்னு தெரியுமா ஃபோர்மேனு? நம்மகூட வேலை பாக்குற முத்துச்செல்வி புள்ளை. ஏழு மாசத்துல பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்துச்சே, அது. நல்லாப் பண்ணுனீக பாதுகாப்பு!”

மீசை ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

சாயங்காலம் கவரைக் கொடுத்தபோது மெல்லக் கேட்டான். “மறுபடி ஆரம்பிச்சா முடிஞ்சிராதா?”

“ஆரம்பம்தான் சார் கொல்லும். நாலு ஊசியும் நாலு திசைக்கு ஓடும். வட்டமாச் சேர்க்கிறப்ப முறுக்கிக்கும். அவுக்கணும்... திரும்ப அவுக்கணும்.”

பஸ் போய்விட்டது. அந்தக் கண்கள் போகவில்லை...

மறுநாள் ஸ்டோரிலிருந்து நாலு ராக்கெட் குச்சி எடுத்தான். அதற்குத் தனக்குத்தானே கேட் பாஸ் எழுதி, தானே சோதித்து, தானே அனுமதித்தான். உப்புத்தாளில் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, கடையில் வாங்கிய வெள்ளை நூல்கண்டோடு ரோட்டுக்கு அந்தப்புறம் டீக்கடை பெஞ்சில் போனைப் பார்த்து உட்கார்ந்தான். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பின்னினாள். நாற்பது பேரை மேய்க்கிறவனுக்கு நாலு குச்சி அடங்கவில்லை. கடைசியில் இரண்டைக் கீழே வைத்துவிட்டு, மீதி இரண்டில் நேராகப் பின்னினான்... நாடா மாதிரி.

வியாழக்கிழமை முகாமின் கடைசி நாள். மத்தியானம் இடி உறுமியது. இடி உறுமினால் வெடிமருந்து வேலை நிற்கும். நாற்பது பேரும் கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்து வேன் ஷெட்டுக்குள் ஒதுங்கினார்கள். தூறல் வலுத்து மழையாயிற்று. ஓரத்தில் சுகிர்தா, எஃகு ஊசிகளோடு ஆறாவது தடவையாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரம்... சாரல்தான் என்று அவனால் நம்பமுடியவில்லை.

நாற்பது பேர் பார்க்க, அவள் முன்னால் போய் நின்றான்.

“சிஸ்டர்... மன்னிச்சுக்கோங்க. தப்பு என்னோடது.”

“ஆத்தீ! அம்புட்டு இடியும் இதுக்குத்தானா?” என்றாள் இருளம்மாள்.

சான்றிதழ் இருந்த பையிலிருந்து குச்சிகளையும், நூல்கண்டோடு நாடாவையும் எடுத்தான். “நாப்பத்தெட்டு கண்ணி போட்டேன். வட்டமா வரல. ஒண்ணுக்கும் ஆகாது...”

சுகிர்தா வாங்கிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. கண்ணிகளை மூன்று குச்சிகளுக்குப் பகிர்ந்தாள். நாலு வரிசைத் துணி கீழே தொங்கியதில் எதுவும் முறுக்கவில்லை, நழுவவில்லை. இரண்டு முனையையும் சேர்த்து, நாலாவது குச்சியால் பின்ன ஆரம்பித்தாள்... வட்டம், சமர்த்தாக வந்தது!

“எனக்கு ஏன் இது தோணல? முதல்ல நேரா நாலு வரிசை... அப்புறம் சேர்த்தா போதும். அடியில விழுற இடைவெளிய, ஆரம்பத்துல விட்ட இந்த நூல் வாலாலயே தைச்சிரலாம். எம்புட்டு பெரிய வேலை பண்ணிருக்கீக சார்!”

தோற்றதற்குப் பாராட்டு வாங்குவது அவனுக்கு இதுதான் முதல் முறை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன வேகம், என்ன நிதானம்...

“மூணாவது வரிசையில இது என்ன ஓட்டை?”

“அது... செவ்வாக்கிழமை நீங்க பார்த்த பார்வை ஞாபகம் வந்துச்சு. ஒரு கண்ணி விட்டுப்போச்சு.” தொண்டையைச் செருமினான். “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு சிஸ்... சுகிர்தா.”

“அப்பாடி, சிஸ்டரை விட்டுட்டாரு!” ஷெட்டே சிரித்தது.

சுகிர்தா தலை குனிந்தாள். குச்சிகள் நிற்கவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு கண்ணி நழுவியதை அவன் பார்த்தான்.

“தொப்பி ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும். நாளைக்குப் பத்து மணிக்குப் புள்ளை வீட்டுக்குப் போகுது, நீங்களும் வாங்க. எங்க ஆஸ்பத்திரி கேட்டுல பையைத் திறக்கச் சொல்ல மாட்டோம்.” மழைச் சத்தத்தில் குரல் இன்னும் தாழ்ந்தது. “அப்புறம்... தொப்பிய முடிக்க எனக்குத் தெரியும். ஆரம்பிச்சுக் குடுக்கத்தான் ஒரு ஆள் வேணும். எப்பவும்.”

பாலகுரு பழக்கத்தில் மீசையைத் தடவக் கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது. நூல்கண்டு அவன் கையில்தான் இருந்தது. மறுமுனை அவள் விரலில்.

கையை இறக்கிக்கொண்டான்.