ஏழாம் எண் கதை

பல் மருத்துவர் துப்பறிவாளரின் அலுவலகத்துப் படியேறி வந்தபோது மணி இரண்டரை. ஊரார் பற்களையெல்லாம் கை நடுங்காமல் பிடுங்குகிறவருக்கு, அன்று ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. துப்பறிவாளர் அவசரப்படுத்தவில்லை. அவருடைய அண்ணன் மகள்தான் குறிப்பேட்டோடு நாற்காலி நுனியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் திக்கித் திணறிச் சொன்னது இதுதான். இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்கள் கூடும் தளம் ஒன்று ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. பன்னிரண்டு கதைகளை, எழுதியவர் பெயரை நீக்கி, எண் மட்டும் போட்டு, மூன்று நடுவர்களுக்கு அனுப்புவார்கள். யார் நடுவர் என்பது பரம ரகசியம். நடுவர்கள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளக் கூடாது. இந்த ஆண்டு மருத்துவரும் ஒரு நடுவர். அதைப் பற்றி வீட்டில்கூட மூச்சுவிடவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து மூன்று செய்திகள் வந்திருந்தன. மூன்றும் ஒன்றே: "ஏழாவது கதையைக் கீழே தள்ளு. உன் மகள் பள்ளி விட்டு எந்த வழியாக வருகிறாள் என்று எனக்குத் தெரியும்."

மகளுக்குப் பதினாறு வயது. மூன்று நாட்களாக மருத்துவர் சரியாகச் சாப்பிடவில்லை. போலீசுக்குப் போனால் கணவருக்குத் தெரிந்துவிடும் என்றார். 'கணவருக்கு' என்ற அந்தச் சொல்லைத் துப்பறிவாளர் கவனித்தார்.

போட்டியில் இருக்கும் எழுத்தாளர் யாரோ செய்த வேலைதான் என்று அண்ணன் மகள் அடித்துச் சொன்னாள். சித்தப்பா தளத்தின் அமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, ஏழாவது கதை எது என்று மட்டும் கேட்டார்.

"எந்த நடுவரோட ஏழாவது?" என்று கேட்டது மறுமுனை.

படித்துப் படித்துச் சலித்தபின் கையில் எடுக்கும் கதைக்கு மதிப்பெண் குறைந்துவிடுகிறதாம். அதனால் ஒவ்வொரு நடுவருக்கும் வரிசையைக் கணினியே குலுக்கிக் கொடுக்கிறது. யாருக்கு எந்த வரிசை என்பது அமைப்பாளருக்கே தெரியாது. மருத்துவருக்கும் இது புதுச் செய்தி.

துப்பறிவாளர் தொலைபேசியை வைத்தார். "உங்க ஏழாவது கதை இன்னொரு நடுவருக்கு ரெண்டாவதா இருக்கும். ஏழுன்னு சொல்ற ஆள் உங்க பட்டியலைப் பார்த்திருக்கணும்மா. அது எங்க இருக்கு?"

திரையில் படித்தால் கண் வலிக்கிறது என்று மருத்துவர் எல்லாக் கதைகளையும் அச்செடுத்துத் துணி அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அதை வெளியே எடுத்துப் போனதே இல்லை. வீட்டில் இருப்பது மூன்றே பேர்.

"அந்தக் கதை எதைப் பத்தி?"

"ஒரு வீடு. வர்றவங்ககிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசுற ஒரு ஆள். குழம்புல உப்பு குறைஞ்சா பொண்டாட்டியையும் பொண்ணையும் தனித்தனி அறையில வச்சுப் பூட்டுவார். ரெண்டு பேரும் சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்குவாங்க." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் நான் அதிகமா மார்க் போட்டேன்."

"உங்க வீட்டுல அறைகளுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?"

அண்ணன் மகளின் பேனா நின்றுவிட்டது.

"வெளிப்பக்கம்," என்றார் மருத்துவர். "படிக்கும்போதே எங்க வீடு மாதிரின்னு தோணுச்சு சார். நம்மள மாதிரி இன்னொருத்தி எங்கயோ இருக்கான்னு நினைச்சு அழுதேன்."

"எங்கயோ இல்ல. பக்கத்து அறையில. அலமாரியில அதைப் படிச்சதும் உங்க வீட்டுக்காரருக்கு எழுதினது உங்க பொண்ணுதான்னு புரிஞ்சிருக்கு. பரிசு கிடைச்சா ஊரே படிக்கும். உங்களை எதைச் சொல்லி மிரட்டினா பணிவீங்கன்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?"

மருத்துவர் எழுந்தே விட்டார். இன்று மகளைத் தானே அழைத்து வருவதாகக் காலையில் கணவர் சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் பள்ளி வாசலை மிதித்ததில்லை. மணி மூன்று இருபது.

மருத்துவர் பள்ளியைத் தொலைபேசியில் அழைத்தார்; எடுத்த எழுத்தர் பெண்மணி நிதானமாகத்தான் பேசினார். அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார், தங்கமான மனிதர், பிள்ளை பையை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறாள் என்றார்.

"அனுப்பாதீங்க. அவளை உங்க பக்கத்துலயே வச்சுக்குங்க. நான் வந்துட்டு இருக்கேன்."

எழுத்தர் தயங்கினார். "அப்பா கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

மருத்துவர் தன் கணவரிடம் இதுவரை ஒரு மறுப்பும் சொன்னதில்லை.

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."