மூச்சுக்கு முன்னால் ஏறும் எண்

எண் முந்திக்கொண்டது.

லோசலினே கண்ணைத் தேய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவள் செய்த, சிறு திரை பதித்த மின்சுற்றுப் பலகைக்கு ஒரே வேலை: சோலார் பேட்டரியின் நாற்பத்தெட்டு வோல்ட்டை இருபத்துநான்காக இறக்கி, அடுத்த அறையில் படுத்திருக்கும் தம்பி மோசேசேவின் ஆக்சிஜன் பெட்டிக்குத் தர வேண்டும். அவன் மூச்சிழுக்கும்போதெல்லாம் பெட்டி மின்சாரத்தைக் கூடுதலாக உறிஞ்சும், வோல்ட் சரியும், பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு அதை அளந்து உடனே ஏற்றிவிடும். முதலில் சரிவு, பிறகு ஏற்றம். இப்போது ஏற்றம்தான் முதலில் வந்தது.

புயல் மழை தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. ஈரப் பாயின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து குமட்டின. கடல் அடங்கினால்தான் ஆஸ்பத்திரிப் படகு வரும். அதுவரை தம்பியின் உயிர் இந்தப் பலகையில் இருந்தது. டோங்கா வழக்கப்படி, பெரியவனாகிவிட்ட தம்பியின் படுக்கையறைக்குள் அக்கா கால் வைக்க மாட்டாள். அதனால் சுவரில் ஓட்டை போட்டு ஒயரை விட்டிருந்தாள். அவன் மூச்சு அவளுக்கு வெறும் எண்தான்.

தன் கணக்கைத்தான் முதலில் திட்டினாள். சில்லு வோல்ட்டைத் திருத்தும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். எண் அப்போதும் முந்தியது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தம்பி மனைவி ஆலிசி வந்தாள்.

"அக்கா, அவரு போயிட்டாரு. பெட்டியை அப்பவே அணைச்சுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"வாயை மூடு. இன்னும் இழுக்கறான் பாரு."

திரையில் எண் ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஆலிசி அழுதபடி பின்வாங்கினாள். லோசலினேவுக்குத் துக்கத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அளவெடுக்கும் ஒயரைப் பிடுங்கினாள். அளவு தெரியாத சில்லு தறிகெட்டு முழு வோல்ட்டையும் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. வேறு எதையோ அளந்துகொண்டிருந்தது.

பேட்டரியையும் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

"நான் செஞ்சது நீ. என் தம்பியை வச்சு என்கிட்டயே விளையாடறியா?"

பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து மீறாத வழக்கத்தை மீறி உள்ளே போனாள்.

மோசேசேவின் தாடையை ஆலிசி துணியால் கட்டியிருந்தாள். குழாய் தரையில் கிடந்தது. கையிலிருந்த பலகையில் எண் ஏறியது. அவன் மார்பு அசையவில்லை.

அவளுடைய மார்பு ஏறியது.

மூச்சிழுக்க மாட்டேன் என்று வாயை இறுக மூடினாள். விரல்களால் மூக்கை அழுத்திப் பிடித்தாள்.

எண் ஏறியது.

மார்பு ஏறியது.