ரோஷெல் பிகெட்டுக்கு மூன்று அழைப்பு

மறுமுனையில் மணி அடித்தது. அடிக்கக்கூடாது. ரோஷெல் பிகெட்டின் கோப்பில் இருந்த அந்த எண் கிழக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியுடையது. அதை இடித்துத் தரைமட்டமாக்கி ஒன்பது வருடமாகிறது. வெர்னெட்டா எண்ணைச் சரிபார்த்துவிட்டு ரிசீவரை மறுபடி காதில் வைத்தாள். அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

பலாத்காரத்துக்கு ஆளான பெண்களின் உடம்பில் எடுத்த தடயங்கள், பெட்டி பெட்டியாக, பதினோராயிரம், போலீஸ் கிடங்கில் எலிப்புழுக்கையோடு கிடந்தன. நகரசபைக்கு இப்போதுதான் ரோஷம் வந்து சோதனைக்கு அனுப்பியது. அந்தப் பெண்களைத் தேடிப்பிடித்துச் சோதனை முடிவைச் சொல்வது வெர்னெட்டாவின் வேலை. மூன்று முறை கூப்பிட வேண்டும்; கிடைக்காவிட்டால் கோப்பை மூடிவிடலாம். பாதிக் கோப்புகள் அப்படித்தான் மூடின. அவளுக்கு அலுத்துவிட்டது.

ஆனால் ரோஷெலின் பெட்டி ஒருவனைக் காட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்குப் பிறகு இன்னும் ஐந்து பெண்களைக் கெடுத்தவன். ரோஷெல் சம்மதித்தால் வழக்கு. வழக்குப் போடச் சட்டம் தந்த கெடு நாளையோடு முடிகிறது. அப்புறம் அவனை யாரும் தொட முடியாது.

"ஆஸ்பத்திரி நம்பரை எந்த முட்டாள் எழுதினான்?" என்றாள்.

எதிர் மேசையில் ஓட்டிஸ், பழைய வழக்குகளுக்காகத் திரும்ப வந்திருக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் துப்பறிவாளர், காப்பியைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா. வீடு வாசல் இல்லாத பொண்ணு. அங்க சுவத்துல ஒரு போன் இருந்துச்சு. 'இங்கயே இரு, கூப்பிடுறேன்'னேன்."

"கூப்பிட்டீங்களா?"

"எங்க... அன்னைக்கு மட்டும் ஆறு கேஸும்மா."

கோப்பில் அவர் கையெழுத்து: 'ஒத்துழைக்கவில்லை.' அடப்பாவி மனுஷா, என்று வெர்னெட்டா மனசுக்குள் வைதாள்.

இரண்டாவது முறை அழைத்தபோது, மணி நின்று, ரிசீவரின் துளைகள் வழியே மருந்து நெடியும் ஈரத் தரையின் வாடையும் வந்தன. யாரோ மூச்சு விட்டார்கள்.

"சார்? நீங்கதானா?" சின்னப் பெண் குரல். "நான் எங்கயும் போகல சார். இங்கயேதான் நிக்கிறேன்."

தொடர்பு அறுந்தது. வெர்னெட்டா ரிசீவரை வைத்தாள். ஓட்டிஸிடம் சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் ஒஹாயோக் குளிர்காலம். கம்பிவேலிக்குப் பின்னால் ஆஸ்பத்திரி இருந்த பொட்டல், முழங்கால் உயரக் காய்ந்த புல், செங்கல் துண்டுகள், ஏரிக்காற்றில் எங்கோ தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம். காரிலிருந்து இறங்கி, செல்போனில் மூன்றாவது முறை அழைத்தாள்.

புல்லுக்குள் மணி அடித்தது.

பத்தடி தூரத்தில். நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ரோஷெல்?" என்றாள் வெர்னெட்டா. "வழக்கு நடத்த உனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம்."

காதில் கேட்கவில்லை. எதிரே கேட்டது. ஒற்றைக் குரலாகவும் இல்லை.

நிமிர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாட்டிவிடும் காகித அங்கி. வெறுங்கால். ஒருத்தி. அவள் பின்னால் இன்னொருத்தி. அவளுக்கும் பின்னால். வேலிவரைக்கும், வேலிக்கு அப்பாலும், வரிசை வரிசையாக. ஒவ்வொருத்தியின் காதிலும் ரிசீவர். ஒவ்வொரு ரிசீவரின் சுருள்கம்பியும் மண்ணுக்குள் போயிற்று.

பதினோராயிரம் முகங்கள் அவள் பக்கம் திரும்பின.

"அடுத்தது என்னையா கூப்பிடுறீங்க?"