சாதுக்கட்டி

காலைப் பாலுக்கு நிலானி என் மார்பில் வாய் வைத்ததும் இடது கால் மரத்துப் போனது. இந்த வாரம் முழுக்க இதே கூத்துதான்.

கருக்கலம் என்கிற செயற்கைக் கருப்பையில் வளர்ந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்து வருகிறவர், ஆணோ பெண்ணோ, தாய்க்கட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில், பயறளவு கட்டி ஒன்றை வளர்த்துவிடுவார்கள். பால் சுரக்கும், கூடவே பாசமும். எனக்குக் கட்டி வைத்த அன்று சொந்தக்காரர்கள் வளைகாப்பு நடத்தி, கை நிறைய கண்ணாடி வளையல் பூட்டி, கேலி செய்தே தீர்த்துவிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் கையை நீட்டினேன்.

கால் மரப்புக்காக எடுத்த ஸ்கேனைப் பார்த்ததும், எனக்குக் கட்டி வைத்த டாக்டர் ஹசீனாவின் முகம் மாறிவிட்டது.

"கட்டி பரவியிருக்கு பரிதி. மூளையைச் சுத்தியிருக்கிற நீர்ல மிதந்து போய், முதுகுத்தண்டுல அங்கங்க ஒட்டி வளருது. அதான் கால் மரக்குது."

"புற்று இல்லை, ஒண்ணும் பண்ணாத சாதுக்கட்டின்னுதானே மேடம் சொன்னீங்க?"

"இப்பவும் மைக்ராஸ்கோப்ல பார்த்தா சாதுதான். ஊர் சுத்தக் கிளம்பின பிறகுதான் இதோட குணமே தெரியுது. ரொம்ப அபூர்வம். மொத்தத்தையும் எடுத்துடணும். இல்லேன்னா நடக்க முடியாது, அப்புறம் உயிருக்கே ஆபத்து."

சாதுவாம், ஆனால் ஆளைக் கொல்லுமாம். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"எடுத்தா, பாப்பா மேல இருக்கிற பாசம்?"

"வழக்கமா கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமா கரைப்போம். அதுக்குள்ள பாசம் பழகிடும். திடீர்னு எடுத்தா... தெரியலை பரிதி."

வேண்டவே வேண்டாம் என்று கத்தினேன். கத்தியது நானா, பிழைக்கப் பார்க்கும் கட்டியா? அதுவும் புரியவில்லை. தலைக்குள் யார் பேசினாலும் என் குரலில்தானே கேட்கிறது! கடைசியில், நான் செத்துவிட்டால் நிலானிக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துச் சம்மதித்தேன். அவள்மேல் வைத்த பாசம்தான் சம்மதிக்க வைத்தது.

அறுவை சிகிச்சை முடிந்தது, கால்கள் சரியாயின. நிலானியை என் மடியில் விட்டார்கள். பாலைத் தேடினாள், கிடைக்காமல் வீறிட்டாள். பாவமாக இருந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தை அழுதால் தோன்றுமே, அந்தப் பாவம். அதற்கு மேல் எவ்வளவு முயன்றும் ஒன்றும் வரவில்லை. பயந்துபோனேன்.

"தோள்ல போட்டுட்டு நடங்க சார், அடங்கிடுவா" என்றாள் நர்ஸ்.

நடந்தேன். அழுகை அடங்கியது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ப்பா" என்றாள்.

"சொல்லுடா தங்கம்" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. அவள் நம்பிவிட்டாள்.