டிங்கோவுக்கு ஏலம்

சிவரஞ்சனிக்குக் கோபம் வந்தால் போடிநாயக்கனூரில் யாரும் விறகு வாங்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கிய பச்சை ஏலக்காயை அவள் பக்கத்தில் கொட்டி வைத்தால் போதும், பொழுது சாய்வதற்குள் மொறுமொறு என்று காய்ந்துவிடும். இதை நம்பாதவர்களும் ஊரில் உண்டு. அவர்கள் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு மாடிப்படியில் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவளைக் கொதிக்க வைத்தது ஒரு கிரிக்கெட் மட்டை.

"டிங்கோவை விஜயகுமாருக்குக் குடுத்துடப் போறேன்," என்றான் அவள் அண்ணன் லிங்கேஸ்வரன். "பதிலுக்கு அவன் மட்டையைத் தர்றான். நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்குவான்."

டிங்கோ என்பது டி.வி.யில் மாட்டி விளையாடும் ஒரு விளையாட்டுப் பெட்டி. கோயம்புத்தூர் மாமா வாங்கிக் கொடுத்தது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதில் 'சேர்த்து' என்ற சொல் மட்டும் லிங்கேஸ்வரன் காதுக்குள் இன்றுவரை நுழையவில்லை. அவன் ஒன்பதாம் வகுப்பு. சிவரஞ்சனி ஆறாம் வகுப்பு. ஒன்பதுதான் பெரியது என்று அவன் கணக்கு.

அவளுக்கு டிங்கோ போவதுகூடப் பெரிதில்லை. முள்ளன் போய்விடுவானே, அதுதான் தாங்கவில்லை.

முள்ளன் ஒரு முள்ளம்பன்றி. அவன் ஊரின் மணியை யாரோ திருடிக்கொண்டு போய் ஒரு பனிமலை உச்சியில் வைத்துவிட்டார்கள். அதை மீட்கப் போகிறான். அந்த ஆட்டம் டிங்கோவுக்கென்றே பிறந்தது, வேறு எந்தப் பெட்டியிலும் ஓடாது. அரையாண்டு விடுமுறையிலிருந்து முள்ளனைக் காடு, ஆறு, குகை என்று கூட்டிக்கொண்டு போய், கடைசி மலையின் பாதி வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தாள் சிவரஞ்சனி. இப்போது டிங்கோ போனால் அவன் அந்தப் பாறையைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தொங்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காரணம் அந்த மாடிப்படிப் பேச்சு. டியூஷன் முடிந்ததும் லிங்கேஸ்வரன், பக்கத்துத் தெரு ஷகீல், விஜயகுமார் மூவரும் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். என்ன புது ஆட்டம் வருகிறது, எது உருப்படி, எது தண்டம் என்று பேசுவார்கள். டில்லிப் பார்லிமென்டில்கூட அவ்வளவு காரசாரமாகப் பேச மாட்டார்கள். சிவரஞ்சனி மேல்படியில் உட்கார்ந்து எல்லாரோடும் சண்டை போடுவாள்.

ஷகீலுக்குப் 'புயல் ரேஸ்' என்றால் உயிர். அதில் ஒன்பதாம் பாகம் வரப்போகிறது என்று குதித்தான். "ஒரே காருக்கு ஒன்பது தடவை பெயின்ட் அடிச்சா அது புதுக் காரா?" என்று கேட்டாள் சிவரஞ்சனி. முள்ளனுக்கு இரண்டாம் பாகமே வரவில்லையே, யாருக்கும் பிடிக்கவில்லை போல என்று ஷகீல் திருப்பிக் கொடுத்தான். அன்று இரவு அவள் நாலு இட்லி குறைத்துச் சாப்பிட்டாள். வழக்கமாக எத்தனை சாப்பிடுவாள் என்று கேட்காதீர்கள்.

விஜயகுமார்தான் அந்தச் சபைக்குப் புலவர். எந்த ஆட்டத்தில் எத்தனை பூதம், எந்தப் பூதத்துக்கு எத்தனை பல் என்பது வரை சொல்லுவான். அந்த வாரம் அவன் கொண்டுவந்த சேதி பெரியது. அடுத்த மாதம் 'டிங்கோ ரெண்டு' வருகிறதாம். பழைய ஆட்டம் ஒன்றுகூட அதில் ஓடாதாம். பழைய பெட்டியை எடைக்குப் போட்டால்கூட யாரும் எடுக்க மாட்டார்களாம்.

சேதி எங்கேயிருந்து வந்தது? அவன் சித்தப்பாவின் செல்போனில் பார்த்த ஒரு வீடியோவிலிருந்து. அதன் தலைப்பில் 'வருகிறதா?' என்று ஒரு கேள்விக்குறி இருந்தது. அந்தக் கேள்விக்குறி விஜயகுமார் வாயில் ஏறும்போதே கழன்று விழுந்துவிட்டது. பிறகு சேதி போடிமெட்டு ஜீப்பில் ஏறி, எல்லாக் கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, கீழே இறங்கும்போது அதற்குக் கொம்பும் வாலும் முளைத்திருந்தன. டிங்கோ வைத்திருப்பவர்கள் வீட்டில் டி.வி. வெடித்துவிடும் என்று குரங்கணியில் ஒருவர் சொன்னதாகவும் கேள்வி.

லிங்கேஸ்வரனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் விஜயகுமார் பெரிய மனது பண்ணினான். தன் மட்டையைத் தருகிறேன், பெட்டியைக் கழற்றி ஸ்பேர் எடுத்துக்கொள்கிறேன், உனக்காகத்தான் மாப்ளே என்றான்.

கழற்றி. அந்த ஒரு சொல்லில் சிவரஞ்சனியின் காது இரண்டும் சிவந்தன.

"அது பாதி என்னோடது," என்றாள்.

"பாதி மட்டை உனக்குத் தர்றேன்," என்றான் அண்ணன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட வீடு பிழைத்திருக்கும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய சத்தத்தில் பொட்டிபுரம் வரைக்கும் காக்கை பறந்தது.

உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவள் அப்பா காசிமாயன் ஏலக்காய் வியாபாரி. விடுமுறை நாளில் அவரோடு கடைக்குப் போவாள். அங்கே தினமும் யாராவது ஒருவர் வந்து, 'விலை விழப்போகுது, இருக்கிற காயை வெரசா தள்ளிவிடுங்க' என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்லுவார். சொன்ன கையோடு, 'எனக்கு ரெண்டு மூட்டை போடுங்க' என்பார். விழப்போகிற விலைக்கு இவர் ஏன் வாங்குகிறார் என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள்.

கதவு திறந்தது.

"அண்ணே, அப்பா காயை வந்த மொத ஆளுக்கா குடுக்கிறாரு?" என்று கேட்டாள். "ஏலம் போடுவோம். நாலு பேர் கேட்டா நல்ல வெலை வரும்ல?"

லிங்கேஸ்வரன் உடம்பில் ஓடுவதும் வியாபாரி ரத்தம்தான். மட்டையோடு பந்தும் வருமே என்று அவன் கண் மின்னியது. சரி என்றான்.

போடியில் ஏலம் என்றால் இரண்டு பொருள். மலையில் விளைவதும் ஏலம், அதை விற்பதும் ஏலம். ஏலத்தை ஏலம் விடுகிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இப்போதெல்லாம் பெரியவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஏலம் கேட்கிறார்கள். சிவரஞ்சனிக்கு வாய் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா சாம்பிள் காய் வைக்கும் தட்டில் டிங்கோ உட்கார்ந்திருந்தது. விஜயகுமார் மட்டையோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது. ஷகீல் வந்திருந்தான். எதிர்வீட்டு ஜோதி ஒரு கோழியை அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு எட்டு வயது.

"பணம் கெடையாது, பொருள்தான்," என்றாள் சிவரஞ்சனி. "மட்டை ஒரு தரம்."

"என் மட்டையும் கேரம்போர்டும்," என்றான் ஷகீல்.

விஜயகுமார் அவனை முறைத்தான். பழைய பெட்டிக்கு எதற்கு மாப்ளே இவ்வளவு என்று காதைக் கடித்தான். சும்மா ஒரு ஆசைக்கு என்றான் ஷகீல். விஜயகுமார் பந்தைச் சேர்த்தான். ஷகீல் சும்மா இருப்பானா, தன் ஸ்கேட்டிங் சக்கரத்தைச் சேர்த்தான். ஜோதி கோழியைத் தூக்கிக் காட்டி, இது முட்டை போடும் என்றாள். ஏலம் சூடு பிடித்தது. தெருவில் போன மாடு ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அதுவும் தன் மணியைக் கழற்றிக் கேட்டிருக்கும்.

கடைசியில் விஜயகுமார் எழுந்து நின்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"மட்டை, பந்து, என் சைக்கிள்," என்றான். "பம்பும் தர்றேன்."

சிவரஞ்சனி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எடைக்குப் போட்டாலும் யாரும் எடுக்க மாட்டாங்கன்னு சொன்ன பெட்டிக்கா அண்ணே சைக்கிள்?"

லிங்கேஸ்வரன் தட்டில் இருந்த டிங்கோவைப் பார்த்தான். விஜயகுமாரைப் பார்த்தான். புரிந்த வேகத்தில் அவன் மூக்கு விடைத்தது. "ஏமாத்துறியாடா?" என்று அவன் எழ, "குடுக்கலை," என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டாள் சிவரஞ்சனி.

குடுக்கலை என்றால் என்ன என்று கூட்டம் கொந்தளித்தது. என்னவா? காய் கொண்டுவந்தவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஏலத்திலிருந்து காயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். ஊர் வழக்கம் அது. டிங்கோவில் பாதிக்குச் சொந்தக்காரி அவள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

ஷகீல் கேரம்போர்டைத் தலையில் தூக்கிக்கொண்டு, வெட்டிச் சோலி என்று திட்டினான். ஜோதியின் கோழிகூடக் கோபமாகக் கத்தியது. விஜயகுமார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். ஸ்டாண்டைத் தட்டிவிட மறந்து, அது கரகரவென்று தரையில் இழுபட்டது.

சிவரஞ்சனிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பின்னாலேயே போய் வழியை மறித்தாள்.

"புதுசுதான் அடுத்த மாசம் வருதே. அதை வாங்கிக்க வேண்டியதுதான? முள்ளனை எதுக்குக் கழட்டப் பாத்தீங்க?"

"கழட்ட மாட்டேன். சும்மா சொன்னேன்," என்றான் விஜயகுமார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க வீட்டுல பழசே வாங்கித் தர மாட்டாங்க. புதுசாம்."

அவள் விழித்தாள். அவன் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் நாலு டிங்கோ அடுக்கி வைத்திருப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"வீடியோவுல பாக்கிறதுதான்," என்றான். "கையில தொட்டதில்ல."

"ஒரு வார்த்தை கேட்டா குடுக்க மாட்டமா?"

"நீ குடுத்திருக்க மாட்ட."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம். அதுதான் இருப்பதிலேயே சூடு.

"சைக்கிளை நிறுத்துங்க," என்றாள். அவன் நிறுத்தவில்லை. அவளே ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு தொம் தொம் என்று படியேறிப் போனாள். அவனும் பயந்துபோய்ப் பின்னால் வந்தான். லிங்கேஸ்வரன் வாசலில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டான்.

அவள் டி.வி.யில் டிங்கோவை மாட்டினாள். முள்ளனை முதல் காட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். கன்ட்ரோலரை விஜயகுமார் மடியில் போட்டாள்.

"ஆடுங்க. கத விட்டீங்கன்னா எழுந்து போயிடணும்."

முள்ளன் நாலு அடி நடந்தான். முதல் பள்ளம் வந்தது. விழுந்தான். மறுபடி நடந்தான், அதே பள்ளத்தில் விழுந்தான். எல்லாப் பூதத்தின் பல்லையும் எண்ணி வைத்திருந்த விஜயகுமாருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. முள்ளன் விழுந்த வேகத்தில் பள்ளமே ஒரு முழம் ஆழமாகியிருக்கும். பின்னாலேயே வந்து நின்ற ஷகீலும் லிங்கேஸ்வரனும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

விஜயகுமார் மெல்லச் சிவரஞ்சனி பக்கம் சாய்ந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்:

"குதிக்கிறது எந்தப் பட்டன்?"

அவள் முகத்தை உர்ரென்றுதான் வைத்திருந்தாள். ஆனாலும் அவன் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான பட்டனில் வைத்தாள். முள்ளன் பள்ளத்தைத் தாண்டினான்.