பின்மண்டை அலை

பழக்க தோஷம்தான். நினைவின்றிக் கிடக்கிறவரிடம் போய், "கண்ண மூடுங்க சார்" என்று சொல்லிவிட்டாள் டெக்னீஷியன். அவர் கண் மூடிப் பல நாளாகிறது. ஆனால் மூளையின் மின்னோட்டத்தைக் காட்டும் திரையில், அலம்பிவிட்ட தரைபோலக் கிடந்த கோடுகளில், பின்மண்டைக் கோடு மட்டும் மெல்லச் சுருண்டு அலையாக எழுந்தது.

இரட்டை ஷிப்ட். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இந்த வேலையின் அரிச்சுவடி இது: விழிப்போடு இருப்பவர் கண்ணை மூடினால் பின்மண்டையில், பார்வைக்கான இடத்தில், அலை வரிசையாக எழும், திறந்தால் அழிந்துவிடும். மூடுங்க, திறங்க என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட அதே குரலில்தான்.

"கண்ணத் திறங்க," என்றாள்.

இமை அசையவில்லை. அலை அழிந்தது.

கட்டிலோரம் நின்ற அவருடைய தங்கை கேட்டாள்: "அக்கா, நாங்க பேசறது அண்ணனுக்குக் கேக்குதா? கேக்குதுன்னா இப்பவே சொல்லிடுங்க. மூச்சு மிஷின நிறுத்தலாம்னு தலையாட்டிட்டு வந்திருக்கேன்."

பதில் சொல்வதற்குள் பெரிய டாக்டர் ஊர்வலமாக வந்தார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் பிரசங்கி.

"மூளை என்பது மாபெரும் சாம்ராஜ்யம்! தண்டுவடம் அதன் ராஜபாட்டை! நரம்புகள் அதன் தூதர்கள்!" என்று முழங்கிய அந்தச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி, நெற்றிமேல் ஏற்றிவைத்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், பின்மண்டையில அலை வருது. மூடுங்கன்னா வருது, திறங்கன்னா போகுது."

"கரண்ட் கோளாறும்மா. இங்க தூங்குறது உன் மூளைதான்."

ஊர்வலம் சிரித்தது. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு தடவை என்றால் தலையில் ஒட்டிய ஒயரையெல்லாம் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். இடுப்பு விட்டுப்போயிருந்தது. கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

மிஷினை நிறுத்தினார்கள். தங்கை சத்தமில்லாமல் அழுதாள். உடலைக் கீழே கொண்டுபோனார்கள்.

அந்தி வெளிச்சம் ஜன்னல் கம்பிகளின் நிழலை வெறும் கட்டிலில் நீட்டிப் போட்டிருந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி அப்படியே இருக்க, ஒயர் ஒட்டும் பசையின் உப்பு வாடையும் தரை துடைத்த மருந்தின் நெடியும் கலந்து தொண்டையில் நிற்க, தள்ளுகட்டிலின் சக்கரம் கிறீச்சிடுவது நடையின் கோடிவரை தேய்ந்து தேய்ந்து போயிற்று. கழுவிய ஒயர்களைச் சுவர்க் கொக்கியில் மாட்டினாள். சொட்டின. திரையை இன்னும் அணைக்கவில்லை. கோடுகள் தட்டையாக ஓடின.

கரண்ட் கோளாறுதான் என்று தெரிந்துவிட்டால் போதும். வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் கட்டையைச் சாய்க்கலாம்.

"கண்ண மூடுங்க சார்."

பின்மண்டைக் கோடு எழுந்தது. சீராக. சொன்ன பேச்சைக் கேட்பதுபோல.

ஒயர்கள் கொக்கியில் தொங்கின. ஒரு தலையிலும் ஒட்டியிருக்கவில்லை.

சொட்டுவது நின்றிருந்தது.

அடுத்த வார்த்தை தானாக நாக்குக்கு வந்தது. பழக்கம். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாது. மூடியே இருக்கட்டும். தூங்கட்டும்.

சொல்லவில்லை.

அலை அழிந்தது.